உடற்கூறு கண்ட பண்டிதர்

கொல்கத்தாவிற்கு வடக்கே, ஊக்ளி ஆற்றின் மேலைக்கரையில் பைத்யபாட்டி என்றோர் ஊர் உண்டு. வைத்தியர் இல்லம் என்பது அப்பெயரின் பொருள். பெயருக்கேற்ப மருத்துவக் குடியினர் வாழ்ந்த அவ்வூரில் 1800 ஆம் ஆண்டு மதுசூதன குப்தர் பிறந்தார். வங்காளத்தில் ஆயுர்வேத மருத்துவம் செய்வோரைக் கவிராசர் என்று அழைப்பது வழக்கம். மதுசூதனரின் முன்னோரும் கவிராசர்களே. நாடி பார்த்தல், மூலிகை இடித்தல், நெய்யும் தைலமும் காய்ச்சுதல், வடமொழி மருத்துவ நூல்களை மனனம் செய்தல் என்பனவே அக்குடியில் பிறந்த சிறுவனுக்குரிய கல்வியாக இருந்தன.

கத்தியும் ஊசியும் அக்கல்வியில் இடம்பெறவில்லை. புண்ணை அறுப்பதும் எலும்பைக் கட்டுவதும் நாவிதர் முதலியோரின் கைத்தொழிலாகக் கருதப்பட்டன. கற்றறிந்த கவிராசர் நோயாளியின் மணிக்கட்டைத் தொடுவார். அதற்கு மேல் அவர் கை செல்லாது. பிணத்தைத் தொடுவதோ பெருந்தீட்டு. அவ்வாறு தொட்டவர் குளித்தும் நோன்பு நோற்றும் தூய்மை பெறவேண்டும் என்பது ஊர் வழக்கு. இத்தகைய சூழலில் பிறந்த ஒருவர் பிற்காலத்தில் பிணத்தின் மார்பில் கத்தி வைத்த முதல் இந்தியராக வரலாற்றில் அறியப்பட்டார். இது நிகழ்வதற்கு ஒரு பழைய நூலும் காரணமாயிற்று.

1824 ஆம் ஆண்டு கொல்கத்தாவில் அரசின் சார்பில் வடமொழிக் கல்லூரி தொடங்கப்பெற்றது. ஈராண்டுகளில் அங்கே ஆயுர்வேத வகுப்பு ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. மதுசூதனர் அதன் தொடக்ககால மாணவருள் ஒருவர். படிப்பில் அவர் காட்டிய கூர்மையால் 1830 ஆம் ஆண்டு அவ்வகுப்பிற்கே ஆசிரியராக அமர்த்தப்பட்டார். நேற்றுவரை உடன் அமர்ந்து பயின்றவர் இன்று ஆசானாக வருவதா என்று மாணவர் சிலர் முணுமுணுத்தனர். எதிர்ப்பு நீடிக்கவில்லை. வகுப்பில் சரகர், சுசுருதர் முதலியோரின் நூல்களை அவர் விளக்கிய முறை அவர்களை அடக்கியிருக்க வேண்டும்.

அக்கல்லூரியில் ஜான் டைட்லர் என்னும் ஆங்கில மருத்துவர் மேலை உடற்கூற்றியலையும் கற்பித்துவந்தார். மனித எலும்புக்கூடும், மெழுகில் வார்த்த உறுப்புகளும், ஆடு முதலிய விலங்குகளின் உடல்களும் பாடப்பொருள்களாயின. மதுசூதனர் அவ்வகுப்பிற்கும் தவறாமல் சென்றார். பின்னர், ஹூப்பர் என்பார் எழுதிய ஆங்கில உடற்கூற்று நூலை வடமொழியில் பெயர்த்து அதற்குச் சாரீரவித்யா என்று பெயரிட்டார். நரம்பையும் தமனியையும் குறிக்க வடமொழியில் சொல் தேடும்பொழுதெல்லாம் அவர் திரும்பிப் பார்த்தது சுசுருத சம்கிதையைத்தான். ஆயுர்வேத நூல்களுள் அறுவை மருத்துவத்திற்கு முதன்மை தந்தது அந்நூலே.

சுசுருத சம்கிதையின் சாரீரத்தானம் என்னும் பகுதியில் மர்மங்களைப் பற்றி ஓர் இயல் அமைந்துள்ளது. தசை, குருதிக்குழாய், தசைநாண், எலும்பு, மூட்டு ஆகியன ஒன்றோடொன்று கூடும் இடம் மர்மம் எனப்படும். உயிர் அங்கே சிறப்பாகத் தங்கியிருப்பதால் அடிபட்டால் கேடு மிகுதி. உடலில் அவ்வாறு 107 இடங்கள் உண்டென்று அந்நூல் கணக்கிடுகிறது. தென்குமரிப் பகுதியின் வர்ம ஆசான்கள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று வழங்கும் கணக்கு இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. வர்மம், மர்மம் என்னும் இரு சொற்களின் ஒலி நெருக்கமும் அவ்வாறே.

கை ஒவ்வொன்றிலும் 11 மர்மங்கள் உள்ளன. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட இடம் க்ஷிப்ரம். நடுவிரலின் நேரே உள்ளங்கையின் மையம் தலஹ்ருதயம். க்ஷிப்ரத்திற்கு மேலே கூர்ச்சம், மணிக்கட்டிற்குச் சற்றுக் கீழே கூர்ச்சசிரம், மணிக்கட்டு மூட்டே மணிபந்தம். முன்கையின் நடுவே இந்திரவஸ்தி. முழங்கை மூட்டு கூர்ப்பரம். அதற்கு மூன்று விரற்கிடை மேலே ஆணி. மேற்கையின் நடுவே பாஹ்வி, கையின் அடிப்பகுதியில் லோகிதாட்சம், மார்புக்கும் அக்குளுக்கும் இடையே கக்ஷதரம் என்று விரல் நுனியிலிருந்து தோள் வரை வரிசை ஏறிச் செல்கிறது. மணிபந்தத்திற்கு இரண்டு அங்குலம், கூர்ப்பரத்திற்கு மூன்று அங்குலம் என்று அவற்றுள் பலவற்றின் அளவும் கூறப்பட்டுள்ளது. இங்கே அங்குலம் என்பது அவரவர் விரலின் அகலம். கத்தி எடுக்கும் மருத்துவர் அவ்வளவு விலகி அறுக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கணக்கு.

அடிபட்டால் நேரும் விளைவைக் கொண்டு மர்மங்களை ஐவகையாக அந்நூல் பிரிக்கிறது. உடனே உயிரைப் போக்கும் மர்மங்கள் 19. அவற்றுள் ஒன்றுகூடக் கையில் இல்லை. க்ஷிப்ரம், தலஹ்ருதயம், இந்திரவஸ்தி ஆகிய மூன்றும் நாள் கடந்து உயிரைப் போக்குவன. முதலாவதில் வலிப்பாலும், இரண்டாவதில் வேதனையாலும், மூன்றாவதில் குருதி இழப்பாலும் சாவு நேரும். கூர்ச்சசிரமும் மணிபந்தமும் வலியைத் தருவன. எஞ்சிய ஆறும் உறுப்பை ஊனமாக்குவன. கூர்ப்பரத்தில் அடிபட்டால் கை கோணிப்போகும்; பாஹ்வியில் அடிபட்டால் குருதி வடிந்து கை சூம்பும்; கக்ஷதரத்தில் அடிபட்டால் கை செயலற்றுப்போகும்.

இவற்றோடு அந்நூல் ஒரு புதிரையும் விடுவிக்கிறது. போரில் கை முழுதும் துண்டாகிப் போனவன் பிழைத்துக்கொள்கிறான். உள்ளங்கையில் கூர்முனை தைத்தவன் இறந்துபோகிறான். இது ஏன் என்னும் வினாவுக்கு அந்நூல் தரும் விளக்கம் வியப்பூட்டுவது. உறுப்பு முழுதாக வெட்டுப்படும்பொழுது குருதிக்குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. அதனால் குருதி அதிகம் வெளியேறுவதில்லை. மர்மத்தில் குத்துப்பட்டாலோ குருதி நிற்காமல் பெருகும். ஆகவே க்ஷிப்ரத்திலோ தலஹ்ருதயத்திலோ ஆழமாகக் காயம்பட்டவனுக்கு மணிக்கட்டிலேயே கையைத் துண்டித்துவிட வேண்டும் என்று விதிக்கிறது. கிளை வெட்டுண்ட மரம் பட்டுப்போவதில்லை என்பது அதற்குக் காட்டும் உவமை. துண்டிக்கப்பட்ட தமனியின் முனை சுருங்குவதும், பாதி கிழிந்த தமனி சுருங்க இயலாமல் குருதியைக் கொட்டுவதும் இன்றைய அறுவை மருத்துவரும் அறிந்த உண்மைகள். போர்க்களத்தில் கண்ணால் கண்டவர் எழுதிய பகுதி இது என்பதில் ஐயமில்லை.

கண்ணால் காணாமல் எழுதலாகாது என்பது சுசுருத சம்கிதையின் உறுதியான கொள்கை. நூலை மட்டும் கற்றவனும், உடலை மட்டும் கண்டவனும் முழு மருத்துவர் ஆகார். இரண்டும் ஒருவனிடத்தில் சேரவேண்டும். அதற்கு வழியும் அங்கே சொல்லப்படுகிறது. நஞ்சாலோ நெடுநோயாலோ இறவாத, உறுப்புக் குறைவற்ற ஓர் உடலைத் தேர்ந்து, புல்லாலும் நாராலும் சுற்றிக் கூண்டில் வைத்து, ஓடும் ஆற்றில் மறைவான ஓரிடத்தில் ஏழு இரவுகள் கிடத்தவேண்டும். நன்கு ஊறியபின் எடுத்து, வெட்டிவேர், மூங்கில் முதலியவற்றால் ஆன குச்சியால் மெல்லத் தேய்த்துத் தோல் முதல் உள்ளுறுப்புகள் வரை ஒவ்வொன்றாகக் காணவேண்டும். இம்முறையில் கத்திக்கு வேலை இல்லை. அறுத்துப் பழகுவதற்குப் பூசணி, வெள்ளரி போன்ற காய்களும், நீர் நிரப்பிய தோற்பைகளும், இறந்த விலங்குகளின் குருதிக்குழாய்களும் இருந்தன. ஊறிச் சிதைந்த உடலில் எலும்பும் மூட்டும் தெளிவாகத் தெரியும்; மெல்லிய நரம்பும் தமனியும் தெரியமாட்டா. கையின் மர்மங்கள் எவ்வெவ்விடத்தில் உள்ளன என்று துல்லியமாகச் சொன்ன நூல், அங்கே ஓடும் குழாய்களின் முழு வழியைச் சொல்லாமல் விட்டதற்கு இதுவே காரணம் எனலாம்.

காலப்போக்கில் அந்த ஆற்றங்கரைக் கல்வியும் மறைந்தது. ஏடு நின்றது, செயல் நின்றுபோயிற்று. மர்மங்களின் பெயர்களை ஒரு பிழையுமின்றிச் சொல்லவல்ல பண்டிதர்களுள் அவற்றைத் தோலுக்கடியில் கண்டவர் எவரும் இல்லை என்னும் நிலை நூற்றாண்டுக்கணக்கில் நீடித்தது. மதுசூதனர் கற்றதும் கற்பித்ததும் அந்த நிலையில்தான்.

1833 ஆம் ஆண்டு, ஆளுநர் தலைவர் வில்லியம் பெண்டிங்கு பிரபு மருத்துவக் கல்வியை ஆராய ஒரு குழுவை அமைத்தார். அக்குழுவின் அறிக்கையை ஏற்று 1835 ஜனவரி 28 அன்று அரசாணை வெளிவந்தது. வடமொழிக் கல்லூரியின் ஆயுர்வேத வகுப்பும், கொல்கத்தா மதரசாவின் யுனானி வகுப்பும் மூடப்பட்டன. ஆங்கிலத்தில் மேலை மருத்துவம் கற்பிக்கும் புதிய கல்லூரி நிறுவப்பட்டது. சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கப்பெற்றதும் அதே ஆண்டில்தான். பல நூற்றாண்டு மரபை உடைய ஒரு கல்வியை ஓர் ஆணையால் அகற்றியது முறையன்று என்று அன்றும் கூறியோர் இருந்தனர்; அக்கூற்றில் நியாயமும் உண்டு. அதே 1835 ஆம் ஆண்டில்தான் மதுசூதனர் பதிப்பித்த சுசுருத சம்கிதையின் முதல் தொகுதி அச்சேறியது. ஏட்டுச்சுவடிகளாகக் கிடந்த அந்நூல் முதன்முதலாக அச்சு வடிவம் கண்ட வேளையில், அதைக் கற்பிக்க அமைந்த வகுப்பு இல்லாமற்போயிற்று.

வேலையிழந்த பண்டிதர் ஊருக்குத் திரும்பவில்லை. அவ்வாண்டு மார்ச்சு மாதம் புதிய மருத்துவக் கல்லூரியிலேயே இந்திய ஆசிரியராகச் சேர்ந்தார். பிராம்லி கல்லூரித் தலைவர். குடீவ், ஓஷாக்னெசி ஆகியோர் பேராசிரியர்கள். ஆங்கிலத்தில் நடந்த பாடங்களை மாணவர் மனத்தில் பதியும்படி விளக்குவதில் மதுசூதனருக்குப் பெரும்பங்கு இருந்தது. ஆனால் கல்லூரியின் முன் ஒரு பெருந்தடை நின்றது. மனித உடலை அறுத்துக் காணாமல் அறுவை மருத்துவம் கற்க இயலாது. மாணவர்களோ பெரும்பாலும் உயர்குடி இந்துக்கள். பிணத்தைத் தொட்ட மகனை வீடு ஏற்குமா, பெண் கொடுப்பார் உண்டா, பந்தியில் இடம் கிடைக்குமா என்னும் அச்சம் ஒவ்வொருவரையும் பிடித்திருந்தது. கட்டாயப்படுத்தினால் கல்லூரியே காலியாகிவிடும் என்பதை ஆங்கிலப் பேராசிரியர்கள் அறிந்திருந்தனர்.

யாரேனும் ஒருவர் முதலில் தொடவேண்டும். வெள்ளையர் தொட்டால் அது அவர்தம் வழக்கம் என்று ஒதுக்கிவிடுவர். இளைஞன் ஒருவன் தொட்டால் அறியாமை என்று பழிப்பர். சாத்திரம் கற்ற பண்டிதர், வைத்தியக் குடியில் பிறந்தவர், சுசுருதரையே பதிப்பித்தவர் தொட்டால் ஊர் என்ன சொல்ல முடியும்? பிணத்தைக் கண்டு கற்பது தொன்னூல் விதித்த கடமையே என்று மேற்கோள் காட்டத் தகுதி படைத்தவரும் அவரே. மதுசூதனர் முன்வந்தார்.

1836 ஆம் ஆண்டு அது நிகழ்ந்தது. ஜனவரி 10 என்பது வழக்கில் நிலைபெற்ற நாள். அக்டோபர் 28 என்போரும் உளர். கல்லூரி வளாகத்தில் ஒதுக்குப்புறமான ஒரு கிடங்கில் உடல் கிடத்தப்பட்டிருந்தது. குறித்த நேரத்தில் குடீவின் பின்னே மதுசூதனர் கத்தியுடன் உள்ளே சென்றார். மாணவர்கள் உள்ளே நுழையத் துணியவில்லை. அவர்கள் கதவருகே நெருக்கியடித்து நின்றும், சன்னலின் மரப்பட்டி இடுக்குகள் வழியே எட்டிப் பார்த்தும் மூச்சடக்கிக் காத்திருந்தனர். மதுசூதனரின் கை நடுங்கவில்லை. மார்பில் நீண்ட, ஆழமான ஒரு கீறலை அவர் இட்டார். பார்த்துக்கொண்டிருந்தோரிடமிருந்து, நெடுநேரம் அடக்கி வைத்திருந்த பெருமூச்சு ஒருசேர வெளிப்பட்டது. அரசின் கல்விக்குழுத் தலைவராயிருந்த டிரிங்க்வாட்டர் பெத்யூன், பின்னாளில் கல்லூரியில் மதுசூதனரின் உருவப்படத்தை வழங்கியபோது விவரித்த காட்சி இது.

அந்நேரத்தில் வில்லியம் கோட்டையிலிருந்து பீரங்கிகள் முழங்கின என்னும் செய்தியும் வழங்குகிறது. அது பிற்காலத்தார் சேர்த்த அணியாக இருத்தல் கூடும். மறைவான கிடங்கில், கதவுகளைச் சாத்திக்கொண்டு செய்த ஒரு செயலைப் பீரங்கி முழக்கி ஊருக்கு அறிவித்திருப்பர் என்று நம்புவது எளிதன்று.

இராஜகிருஷ்ண தே, உமாசரண் சேத், துவாரகநாத் குப்தா, நவீன் சந்திர மித்ரா ஆகிய மாணவர் நால்வர் அவரைப் பின்பற்றிக் கத்தி எடுத்தனர். பின்னர்த் தயக்கம் விரைவில் கரைந்தது. 1837 ஆம் ஆண்டு அக்கல்லூரியில் 60 உடல்கள் அறுத்து ஆராயப்பட்டன. 1844 ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. அடுத்த ஆண்டு மாணவர் நால்வர் குடீவுடன் கடல் கடந்து இங்கிலாந்து சென்று மருத்துவம் பயின்றனர்.

சுசுருத சம்கிதையின் இரண்டாம் தொகுதியும் 1836 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. ஏட்டின் பாடங்களை ஒப்பிட்டு அச்சுப்படி திருத்திய கையும், கிடங்கில் கத்தி பிடித்த கையும் ஒன்றே. அறுத்துத் திறந்த ஒரு கையில் காணத்தக்கவை எவை என்று எண்ணிப் பார்த்தால் அந்த இரு பணிகளுக்கும் இடையேயுள்ள உறவு விளங்கும். க்ஷிப்ரம் என்று நூல் குறித்த இடத்தில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தசையைத் துளைத்துக்கொண்டு ஆரைத் தமனி உள்ளங்கைக்குள் இறங்குகிறது. தலஹ்ருதயத்தின் கீழே தமனிகள் இணைந்து வில்போல் வளைந்து கிடக்கின்றன. அங்கே ஒருபுறம் அடைத்தாலும் மறுபுறமிருந்து குருதி வந்துகொண்டே இருக்கும். முழங்கையின் முன்புறம் மேற்கைத் தமனி இரண்டாகப் பிரிகிறது. அக்குளில், கக்ஷதரத்தை ஒட்டி, கை முழுவதற்குமான நரம்புகள் பின்னிக் கிடக்கின்றன. அங்கே அடிபட்டால் கை செயலறும் என்னும் கூற்றுக்குப் பொருள் அங்கே தெரிகிறது.

எல்லாம் இவ்வாறு பொருந்திவிடவில்லை. சுசுருதர் எலும்புகளை 300 என்று எண்ணினார். வளர்ந்த மனிதனின் எலும்புக்கூட்டில் இருப்பவை 206. பல்லையும் குருத்தெலும்பையும் சேர்த்து எண்ணியதால் நேர்ந்த வேறுபாடு இதில் பெரும்பகுதி. குருதி உடலைச் சுற்றிவரும் முறையோ அத்தொன்னூலில் இல்லை. நூலை மாற்றி உடலோடு பொருத்த மதுசூதனர் முயலவில்லை. பழைய பாடத்தை உள்ளவாறே பதிப்பித்தார், புதிய பாடத்தைக் கண்டவாறே கற்பித்தார். தம் மரபின்மீது பற்றுடைய ஒருவருக்கு இந்த நேர்மை எளிதாக வாய்ப்பதன்று. அவருக்குப் பின் வந்தோருள் பலர், பழைய நூலில் எல்லாம் உண்டு என்றோ ஒன்றும் இல்லை என்றோ ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டனர்.

மதுசூதனரின் பதிப்பு கடல் கடந்தது. ஜெர்மனி நாட்டு எர்லாங்கன் நகரில் ஹெஸ்லர் என்னும் அறிஞர் 1844 முதல் சுசுருத சம்கிதையை இலத்தீன் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். கையின் 11 மர்மங்களும் இவ்வாறு ஐரோப்பியர் கண்ணில் பட்டன.

1840 ஆம் ஆண்டு, தம் நாற்பதாம் வயதில், மதுசூதனர் தம் மாணவர் எழுதிய அதே மருத்துவத் தேர்வை எழுதித் தேறினார். ஆசிரியராக இருந்த அவருக்குப் பட்டயம் இல்லாதது ஒரு குறையாகக் கூறப்பட்டிருக்கலாம். அதற்கு அவர் விடையளித்த முறை அது. கொல்கத்தா நகரின் சுகாதாரத்தை ஆராய்ந்த குழுவின் முன் தோன்றித் தாம் அறிந்தவற்றைச் சான்றுரைத்தார். ஆங்கிலம் அறியாத மாணவர்களுக்கென அமைந்த இந்துஸ்தானி வகுப்பையும், 1852 முதல் வங்காளி வகுப்பையும் நடத்தினார். இலண்டன் மருந்துநூலை 1849 ஆம் ஆண்டு வங்காளியில் பெயர்த்தார். 1853 ஆம் ஆண்டு உடற்கூற்றியலை அம்மொழியிலேயே நூலாக்கினார். முன்பு வடமொழியில் எழுதியவர் இப்பொழுது தாய்மொழிக்கு வந்துவிட்டார். கிராமத்திலிருந்து வரும் இளைஞனுக்கு வடமொழியும் எட்டாது, ஆங்கிலமும் எட்டாது என்பதைக் கால் நூற்றாண்டு ஆசிரியப் பணி அவருக்குக் கற்பித்திருந்தது.

இறுதி ஆண்டுகளில் நீரிழிவு நோய் அவரைப் பற்றியது. அந்நோய் உடையவர் கையில் சிறு கீறல் பட்டாலும் புண் ஆறுவது கடினம். நச்சுக்கிருமிகளைப் பற்றி மருத்துவ உலகம் அறியாத காலம் அது. பிணம் அறுப்போர் கையுறை அணிந்ததுமில்லை. அறுவைக் கூடத்திலிருந்து விலகியிருக்குமாறு உடன் பணியாற்றியோர் அவரை எச்சரித்தனர் என்பர். மதுசூதனர் விலகவில்லை, மாணவர்க்கு அருகே நின்று கற்பிப்பதைத் தொடர்ந்தார். நீரிழிவோடு குருதியில் நச்சுத்தன்மையும் பரவி, 1856 நவம்பர் 15 அன்று அவர் காலமானார்.